அருள் இருந்த இடத்தில் ஒரு பெயர்

என் அருமை மச்சான் அருளுக்கு,

நலமா என்று கேட்க வாய் வருகிறது. என்ன செய்ய, பழக்கம். தானே புயலில் திருப்பாதிரிப்புலியூரில் நம் கம்ப்யூட்டர் கடை போர்டு பறந்துபோனது. உன் நாற்காலி மட்டும் கிழிந்த சீட்டோடு அப்படியே இருக்கிறது. அதில் யாரையும் உட்கார விடுவதில்லை.

நாம் எழுதிய ரத்ததானப் புரோகிராம் இன்னும் ஓடுகிறது. ஆரம்பத்தில் அது பண்ணிய கூத்து ஞாபகமிருக்கிறதா? சமீபத்தில் ரத்தம் கொடுத்தவர்களின் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, மிச்சப் பேருக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். முந்தின நாள் கொடுத்த தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் போனும் கையுமாகக் கடைக்கே வந்துவிட்டார்.

"நேத்துதானப்பா குடுத்தேன். இன்னிக்கும் வான்னா, ஒடம்புல பைப்பா வச்சிருக்கேன்?"

நீதான் சிரித்துக்கொண்டே கண்டுபிடித்தாய். பட்டியலில் அவருக்கு முன்னால் இருந்த பெயரை நீக்கியதும் அவர் பெயர் அந்த இடத்துக்கு நகர்ந்துவிட்டது. புரோகிராமோ அடுத்த இடத்துக்குப் போய்விட்டது, அவர் பெயரைப் பார்க்கவே இல்லை.

"புரோகிராம் லிஸ்ட்டச் சுத்திக்கிட்டு இருக்கும்போதே பேர எடுக்காத மச்சான். மொதல்ல குறிச்சு வை, சுத்து முடிஞ்சப்புறம் மொத்தமா எடு" என்றாய்.

நீ கண்ணை மூடிய பிறகு, பட்டியலில் இருந்த உன் பெயரை நீக்குவதற்குக் குறிக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. உன் போனுக்கு மெசேஜ் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் போன் யாரிடம் இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

போன வாரம் சிதம்பரத்தில் ஒரு பிரசவத்துக்கு ஓ நெகட்டிவ் தேவைப்பட்டது. மெசேஜ் அனுப்பியும் ஆள் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் கணவர் போனில் அழுதார். சாயந்திரம் உன் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அவசரமாக எடுத்தேன். பேசியது உன் தங்கை மேரி.

"அண்ணே, அண்ணன் போனுக்கு மெசேஜ் வந்துச்சு. எனக்கும் அதே குரூப்புதான். சிதம்பரம் போயி குடுத்துட்டேன், இப்ப பஸ்ஸுக்கு நிக்கிறேன். இனிமே அண்ணன் எடத்துல என் பேரப் போட்டுடுங்க. நம்பர் அதேதான்."

தாயும் பிள்ளையும் நலம்.

மேரி பெயரை எழுதிவிட்டேன். நீ சொன்னதை மீறவில்லை மச்சான். பெயரை எடுத்தால்தானே பின்னால் இருப்பவர்கள் நகர்வார்கள்? அதே இடத்தில் வேறு பெயர் எழுதினால் யாரும் நகர்வதில்லை, யாரும் விடுபடுவதுமில்லை. எழுதி முடித்துவிட்டு நன்றாக அழுதேன்.

மேரிக்கு உடம்பு தேறும்வரை அந்த நம்பருக்கு ஒரு மெசேஜ்கூடப் போகாது, அது என் பொறுப்பு. அடுத்த தடவை அவள் கடைக்கு வரும்போது உன் நாற்காலியில்தான் உட்காரச் சொல்வேன்.

என்றும் உன் மச்சான்,
செந்தில்