ஏ.டி.கே.டி.க்கு ஒரு நன்றித் திருப்பலி

தாராவி,
27.4.2024

அன்புள்ள சுஜின் அப்பாவுக்கு லூர்து மேரி எழுதுவது.

உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறவள் கடிதம் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நம் வீட்டில் கீழே நின்று எதைப் பேசினாலும் மேலே படிக்கிற பிள்ளையின் காதில் விழும். வாட்ஸ்அப்பில் போடலாம் என்றால் இருப்பது ஒரே போன், அதுவும் அவன் கையில். பக்கத்துச் சந்து தப்ரேஸ் நாளை கத்தாரில் உங்கள் கேம்புக்கே திரும்புகிறான் என்றார்கள், அவனிடம் கொடுத்தனுப்பலாம் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். சுஜினுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். இத்தனை நாள் அதற்காக வருத்தப்பட்டேன், இன்று அதுவே வசதியாக இருக்கிறது.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன ஜூனில் ரிசல்ட் வந்த அன்று, என்னல வாங்கியிருக்க என்று கேட்டேன். "ஏடிகேடிம்மா, மூணாவது வருசம் போலாம்" என்றான். பி.ஏ., பி.காம். மாதிரி அதுவும் ஏதோ பெரிய எழுத்து என்று நினைத்துக்கொண்டேன். உங்களிடம் சொன்னேன், நீங்கள் கேம்ப் முழுக்க லட்டு கொடுத்தீர்கள். நான் அதற்கும் மேலே போய், கோயிலில் நன்றித் திருப்பலிக்கு எழுதிக் கொடுத்தேன். உபதேசியார் ஊரிலிருந்து புதிதாக வந்தவர், அவருக்கும் தெரியவில்லை. "பி.காம். படிப்பில் ஏ.டி.கே.டி. பெற்ற சுஜினுக்காக இறைவனுக்கு நன்றியாகப் பெற்றோர்" என்று மைக்கில் வாசித்தார். பின்னால் நின்ற பையன்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். கோயிலில்கூட அடக்கம் இல்லாத பிள்ளைகள் என்று நான் திரும்பிப் பார்த்து முறைத்தேன். அன்றோடு சுஜின் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

பிப்ரவரியில்தான் எனக்கு விளங்கியது. மாட்டுங்காவில் நான் சமைக்கும் வீட்டு விஜயலட்சுமி அம்மா ஒரு காலேஜ் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவரிடம் பெருமையாகச் சொன்னேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மேரி, அது பாஸ் இல்லடி. ஊர்ல அரியர்னு சொல்லுவாளே, அதுதான். பேப்பர் போயிடுத்து, ஆனாலும் அடுத்த வருஷத்துக்குப் போன்னு விடறது" என்றார். விசாரித்தால் ஐந்து பேப்பர் நிற்கிறது. அந்த ஐந்தும் முடியாமல் பட்டம் கிடையாது. பழைய பாடத்துக்கு இந்த மே மாதம்தான் கடைசிப் பரீட்சை என்று காலேஜில் எழுதிப் போட்டிருக்கிறார்களாம். நீங்களோ இஞ்சினியரிடம் ஸ்டோர் கீப்பர் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டு, வாராவாரம் "சர்டிபிகேட் எப்பல வரும்" என்று கேட்கிறீர்கள். அவன் "வரும்ப்பா" என்கிறான். உங்களிடம் உண்மையைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு மாதம் நானும் வாயைத் திறக்கவில்லை.

அவனோடு சண்டை போடவில்லை. தினமும் எனக்கு ஒப்பித்துக் காட்டு என்று மட்டும் சொன்னேன். வேலை முடிந்து வந்ததும் புத்தகத்தை நான் பிடித்துக்கொள்வேன், அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கடகடவென்று சொல்லுவான். கேள்வி நம்பரை மட்டும் என்னால் வாசிக்க முடியும். ஒன்று, நான்கு, ஒன்பது என்று மாற்றி மாற்றிக் கேட்பேன். நிறுத்தாமல் சொல்லுவான். பிள்ளை தேறிவிட்டான் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

போன செவ்வாய்க்கிழமைதான் கவனித்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாதே தவிர, காது செவிடு இல்லை. ஒன்றாம் கேள்விக்கும் ஒன்பதாம் கேள்விக்கும் ஒரே பதில். அதே இடத்தில் மூச்சு விடுகிறான், அதே இடத்தில் "டிமாண்ட், சப்ளை" வருகிறது. லே, எல்லாக் கேள்விக்கும் இதைத்தானே சொல்லுத என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் முகம் செத்துப்போனது. "எனக்கு இது ஒண்ணுதாம்மா மண்டையில நிக்குது. மத்ததெல்லாம் பிளாங்க். புக்கத் தொறந்தா எழுத்து ஓடுது" என்றான்.

அதற்கப்புறம் சொன்னதை உங்களுக்கு எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அக்டோபரில் பரீட்சை என்று ஹால் டிக்கெட்டோடு ஐந்து நாள் போனான் அல்லவா, அது அந்தப் பழைய ஐந்து பேப்பருக்குத்தானாம், ஒரு நாள்கூடக் காலேஜுக்குள் போகவில்லையாம். மாஹிம் ஸ்டேஷன் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான். "அப்பா எல்லார்ட்டயும் சொல்லிட்டாரு. நீ கோயில்ல மைக்குல சொல்லிட்ட. நான் எங்கம்மா போயி இல்லன்னு சொல்ல? கடைசி நாளு பிளாட்பாரத்துல மஞ்சக் கோட்டத் தாண்டி நின்னேன். ஃபாஸ்ட் ட்ரெயின் வந்துச்சு. ஒரு ஆன்ட்டி சட்டையப் புடிச்சு இழுத்துட்டா. பாகல் ஹை க்யா, பைத்தியமான்னு ஏசுனா" என்றான். பரீட்சை முடிந்ததென்று அன்றைக்கு நான் ஈரல் வறுத்து வைத்திருந்தேன். நன்றாக இருக்கிறதென்று சொல்லிச் சாப்பிட்டான்.

 அந்தப் பொம்பிளை யாரோ, எந்த ஜாதியோ, எந்த மதமோ, அவள் பிள்ளைகள் நூறு வருடம் இருக்க வேண்டும். அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பாத்ரூம் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

புதன்கிழமை மாஹிம் மாதா கோயிலுக்குப் போனேன். மார்ச்சிலிருந்து நவநாளுக்குப் போகும்போதெல்லாம், பரீட்சைக்கு என்று மெழுகில் செய்த புத்தகம் வாங்கி மாதாவுக்குக் காணிக்கையாக வைப்பேன். இந்தத் தடவை கை நீளவில்லை. ஆள் உருவம் கொடு என்றேன். கடைக்காரி, கை, கால், நெஞ்சு எல்லாம் தனித்தனியாகவும் இருக்கிறது, உன் பையனுக்கு எங்கே நோவு என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முழுசாகக் கொடு என்று வாங்கிப் போய் வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். விஜயலட்சுமி அம்மாவும் கூட வருகிறார். பரீட்சை மே ஆறாம் தேதி ஆரம்பம். எழுதுகிறேன் என்று அவன் சொன்னால் காலேஜ் வாசல்வரை நானும் போவேன், வெளியே வரும்வரை அங்கேயே இருப்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம். பட்டம் இல்லாத பிள்ளையை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

உங்களுக்குக் கோபம் வரும், எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் இந்தக் காகிதத்தின்மேல் காட்டிக் கிழித்துப் போடுங்கள். வெள்ளிக்கிழமை போனில் சர்டிபிகேட் பற்றிக் கேட்காதீர்கள். புத்திமதியும் சொல்ல வேண்டாம். ஒன்றே ஒன்று சொல்லுங்கள். பத்தாம் வகுப்பில் முதல் வகுப்பு வாங்கியும் வசதி இல்லாமல் படிப்பை விட்டதாக அவனிடம் சொல்லி வைத்திருக்கிறீர்களே, அது பொய் என்று சொல்லுங்கள். கணக்கில் மூன்று தடவை போனதையும், மூன்றாவது ரிசல்ட் அன்று வீட்டுக்குப் போகாமல் டிக்கெட் இல்லாமல் பம்பாய் ரயிலில் ஏறியதையும், வழியெல்லாம் கதவோரம் நின்று என்ன நினைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கல்யாணமான புதிதில் என்னிடம் அழுதுகொண்டே சொன்னீர்கள். இத்தனை வருடம் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. நான் சொன்னால் அவன் நம்பமாட்டான். தோற்ற மனுஷன் ஒருத்தர் தனக்கு அப்பாவாக இருக்கிறார் என்று உங்கள் வாயால் அவன் கேட்க வேண்டும்.

அந்த நேரத்தில் மாதா உங்கள் நாக்கில் இருக்கட்டும். மருந்தை விடாமல் போடுங்கள்.

உங்கள்
லூர்து மேரி