அழுக்குப் பக்கம்

குமுளியில் மழை விட்டபாடில்லை. காலையில் ஏலக்காய்க் கடையின் கணினி அறையைத் திறந்ததும், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் உங்கள் நீலச் சட்டையின் வாசம் வந்தது. ஏலத்தூசியும் உங்கள் வியர்வையும். அப்பப்பா, வேலை தொடங்குமுன்பே களைத்துப்போனேன்.

டிஸ்க்கில் எழுதாமல் குவித்துவைக்கும் அளவுக்கு நீங்கள் வைத்த வரம்பை இன்று மாற்றவேண்டும். முதலாளி புது டிஸ்க் வாங்கிவிட்டார். "அண்ணன் போட்ட கடிவாளத்த அவுத்து விடுங்க மதினி, இனி என்னத்துக்கு?" என்றார்.

நகலெடுப்புக்கும் பில்லுக்கும் நடந்த அந்தச் சண்டை நினைவிருக்கிறதா? கணக்கையெல்லாம் நகலெடுக்கும்போது பில் அப்படியே நின்றுவிடும். எழுதவேண்டியதைக் கணினியை உள்ளிருந்து நடத்தும் கர்னல் நினைவகத்திலேயே குவித்துவைத்து, நிரம்பியதும் மொத்தமாக டிஸ்க்கின் தலையில் கொட்டும். எழுதப்படாமல் காத்திருக்கும் பக்கங்களுக்கு அழுக்குப் பக்கம் என்றுதான் பெயர். "இதென்ன, நம்மூட்டுத் துணியாட்டவே இருக்குது!" என்று சிரித்தீர்கள். சித்தூர் வெயிலில் வளர்ந்தவர். துணி காயாத கொடுமையை என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த பிறகுதான் பார்த்தீர்கள்.

"அம்மிணி, தெனம் ரெண்டு ரெண்டாத் தொவச்சுப் போடோணும். மொத்தமாப் போட்டா கொடி தாங்குமா?"

"தொவைக்கிறது யாரு, நீங்களா?"

அன்றிலிருந்து நீங்கள்தான் துவைத்தீர்கள். கர்னலையும் அதே வழிக்குக் கொண்டுவந்தீர்கள். சீக்கிரமே எழுதத் தொடங்கவும், அதிகம் குவிக்கும் நிரலைச் சற்றுக் காக்கவைக்கவும் சொல்லிவைத்தீர்கள். பில் நிற்காமல் நகர்ந்தது.

இன்று நீங்கள் வரம்பாக வைத்த எண்ணை அழித்துப் பெரிய எண்ணைப் போட்டேன். நன்றாகத்தான் ஓடுகிறது. நீங்கள் இருந்திருந்தாலும் மாற்றியிருப்பீர்கள். ஆனாலும் அழுகை வந்துவிட்டது. உங்கள் செருப்பு, உங்கள் போன் நம்பர், இப்போது இது. ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து எனக்கு அலுத்துவிட்டது, ஏங்க.

முதலாளி எட்டிப் பார்த்தார். "அந்தச் சட்டையையும் தொவச்சு வச்சிருங்க மதினி. பூசணம் புடிச்சிரும்ல."

"பாக்கலாம்" என்றேன்.

எழுதி முடித்ததும் பக்கம் சுத்தமாகிவிடும். இடம் வேண்டுமென்றால் கர்னல் அதை நினைவகத்திலிருந்து தயங்காமல் தூக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குச் சொன்னதே நீங்கள்தானே. "அழுக்கா இருக்கற வரைக்கும் அதத் தூக்காது, அம்மிணி."

வீட்டுக்கு வந்து, குவிந்துகிடந்த துணியில் இரண்டை மட்டும் துவைத்துப் போட்டேன். நாளைக்கு இன்னும் இரண்டு. உங்கள் நீலச் சட்டை அந்த ஆணியிலேயே இருக்கட்டும். அதைத் துவைக்கமாட்டேன்.