இரண்டு ரப்பர் வளையம்

கச்சிராயபாளையம்
வைகாசி 9

என் மகன் இளவரசனுக்கு அம்மா செல்லியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கச்சி பாரதியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், துபாயில் நீயும் மருமகள் செந்தமிழ்ச்செல்வியும் பேத்தி எழில்மதியும் சுகமாக இருக்க மாரியாத்தாள் பார்த்துக்கொள்ளட்டும். நலம் விசாரித்தாயிற்று. இனி எழுதப்போவதெல்லாம் கோபம்தான். போனில் சொன்னால் டவர் இல்லை என்று பாதியில் வைத்துவிடுவாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது, உட்கார்ந்து கடைசிவரை படி.

முந்தாநாள் பாரதி ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுவிட்டு மெக்கானிக் பாவாடையைக் கூட்டிவந்து காரைப் பார்க்கச் சொன்னாள். மூன்று மாதமாகத் தார்ப்பாய் போட்டு மூடிக்கிடந்த கார். அவன் அடியில் போய்ப் படுத்துப் பார்த்துவிட்டு, யக்கா அடியில ஆயில் நிக்கிற சேம்பர்ல ஒரு கீறல்கூட இல்ல, ஆயில் பில்டர் ஓரமாத்தான் ஒழுகினு கீது என்றான். அப்படியென்றால் அதைக் கழற்று என்றேன். கையால் திருகினான், அசையவில்லை. உப்புத்தாளைச் சுற்றித் திருகினான், பெல்ட்டைப் போட்டு இழுத்தான், கடைசியில் ஸ்குரூ டிரைவரை சுத்தியால் அடித்து பில்டருக்குக் குறுக்கே இறக்கி நெம்பினான், டப்பாதான் கிழிந்து தொங்கியது, பில்டர் வரவில்லை. இன்னாக்கா இது, ஜல்லி லாரி சக்கரத்தக்கூட இப்டி முடுக்க மாட்டாங்க என்று வேர்வையைத் துடைத்தான். அப்போதுதான் பாரதி உனக்குப் போன் போட்டாள். நீ என்ன சொன்னாய், நான் கையாலதான் முடுக்கினேன், நீங்க எதையாவது பண்ணிக் கெடுத்துட்டு என் மேல போடாதீங்க என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

கையாலா முடுக்கினாய் நீ. காணும் பொங்கலுக்கு மறுநாள், பச்சை லுங்கி கட்டிக்கொண்டு, பாவாடையக் கூப்புடறது எதுக்கு, நானே பண்றேன் என்று ஆயிலும் பில்டரும் மாற்றினாய். வண்டியை ஸ்டார்ட் பண்ணினதும் பில்டர் ஓரத்தில் கசிந்தது. மோட்டார் கொட்டாயில ஒரு இரும்பு பைப்பு இருந்துச்சே எடுத்துனு வாம்மா என்றாய், எடுத்துவந்து உன் கையில் கொடுத்தவளே நான்தான். பில்டர் ஸ்பேனர் பிடியில் அந்தப் பைப்பைச் சொருகி, சக்கரத்தில் காலை உதைத்துக்கொண்டு பல்லைக் கடித்து இழுத்தாய். கசிவு நின்றது, மறுநாள் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டாய். உனக்கு அன்றைக்கே தெரியும் அது ஒழுகுகிறது என்று. மாசி மாதம் பாரதி மலைமேல் கரியாலூர் ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போய்வந்து காரை நிறுத்தின இடத்தில் கறுப்பாகச் சொட்டு விழுந்தபோது அதைச் சொன்னாயா நீ. மலை வளைவுல கல்லுல இடிச்சிருப்பா, பொம்பளைக்கு மலை ரோட்டுல இன்னாத்துக்கு காரு, சாவியைப் புடுங்கி வை என்றாய். எங்கியும் இடிக்கலம்மா என்று அவள் மூன்று தரம் சொன்னாள், நான் உன் பேச்சைக் கேட்டுச் சாவியை அரிசி டிரம்மில் போட்டு மூடினேன். அன்றிலிருந்து இருட்டோடு எழுந்து மலை பஸ்ஸுக்கு ஓடுகிறாள், வெள்ளிமலை வரைக்கும் நின்றுகொண்டே போய் அங்கிருந்து எது கிடைக்கிறதோ அதில் ஏறிப் போகிறாள். திரும்பி வந்தால் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்காருவாள், என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

இது உனக்குப் புதுசு இல்லை. நீ ஏழாவது படிக்கும்போது மோட்டார் பியூஸைப் பிடுங்கி விளையாடிவிட்டு பாரதி செய்தாள் என்றாய், உன் அப்பா அவளை மரவள்ளிக் குச்சியால் அடித்தார், முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்கும் நான் உன்னைத்தான் நம்பினேன். நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

பாவாடை கையை விரித்துவிட்டான், வண்டியக் கட்டி இழுத்துக்கினு கள்ளக்குறிச்சிக்குத்தான் போவணும் என்றான். பாரதி கோணியை விரித்து, அவன் உளியையும் சுத்தியையும் வாங்கிக்கொண்டு தானே அடியில் போய்ப் படுத்தாள். கிழிந்த டப்பாவை விட்டுவிட்டு, இஞ்சினோடு ஒட்டியிருந்த அடித்தட்டின் விளிம்பில் உளியைச் சாய்த்து வைத்து, கழலும் பக்கமாகத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஆயில் அவள் கழுத்தெல்லாம் வழிந்தது. முக்கால் மணி நேரம். முதலில் நெல்லளவு நகர்ந்தது, பிறகு விரலளவு, பிறகு கையோடு சுற்றிக்கொண்டு வந்தது. பார்த்தால் அதில் ஒரு ரப்பர் வளையத்துக்கு இரண்டு வளையம். பாவாடை சிரித்துவிட்டான். பழைய பில்டரோட ரப்பர் இஞ்சின்லயே ஒட்டிக்கினு இருந்திருக்கு, அத்த எடுக்காம புதுச மேல மாட்டிக்கீறாரு உம் புள்ள, அப்பறம் ஒழுகாம இன்னா பண்ணும் என்றான்.

பாரதி சிரிக்கவில்லை. சோப்புத்தூள் போட்டுக் கை கழுவிவிட்டு, அடுத்த மாசத்திலிருந்து கரியாலூர்லயே ரூம் எடுத்துக்கறேன், சொன்னா நம்பாத வூட்டுல எனக்கு இன்னா வேல என்றாள். தப்பு என் மேல்தான் என்று சொல்லிவிட்டேன். அறுபத்தெட்டு வயசில் பெற்ற பெண்ணிடம் அதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசவில்லை. சாவியை நீட்டினேன், அவள் வாங்கவில்லை, அண்ணன் தன் வாயால உண்மையச் சொல்லட்டும் என்றாள். புது பில்டரைப் பாவாடை மாட்டிவிட்டான், கையால் முடுக்கினான், ஒரு சொட்டு இல்லை. வண்டி தயாராக நிற்கிறது, சாவி சாமி மாடத்தில் கிடக்கிறது, அவள் இன்றைக்கும் பஸ்ஸில்தான் போயிருக்கிறாள். நீ வாயைத் திறக்கவில்லை என்றால் இந்த வீட்டில் நான் ஒருத்தி மட்டும்தான் இருப்பேன், அதற்குப் பிறகு நீ பொங்கலுக்கு இங்கே வந்து படி ஏறவேண்டாம்.

அவளுக்கு டூட்டி முடிவது இங்கே நாலு மணிக்கு, உனக்கு அப்போது இரண்டரை. அவளுக்கே போன் போடு, எனக்குப் போட்டுச் சொல்லச் சொல்லாதே, மருமகளைப் பேசச் சொல்லாதே. அண்ணன் தங்கை என்று உங்கள் இரண்டு பேரைத்தான் பெற்றேன், இரண்டு பேரும் நல்லா இருக்கவேண்டும். வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள். பேத்திக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் அம்மா
மா. செல்லியம்மாள்

கவருக்குள் தட்டையாக இருப்பது நீ எடுக்காமல் விட்ட பழைய ரப்பர். துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். வளையல் மாதிரி இருக்கிறதே, இது என்னப்பா என்று எழில்மதி கேட்பாள். அவளிடமாவது உண்மையைச் சொல்.