நம் வீட்டு மிக்ஸியை ஒளிக்காதே

அன்புள்ள அம்மாவுக்கு, தென்றல் எழுதுவது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் சொன்னால் பதறுவாய் என்று எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் மிக்ஸி கம்பெனியில் விளம்பரப் படம் எடுத்தார்கள். மிக்ஸி பூட்டும் லைனில் நின்ற என்னைப் பிடித்து, "எங்கம்மா இன்னும் அம்மியிலதான் அரைக்கிறாங்க" என்று கேமரா முன்னால் சொல்லச் சொன்னார் டைரக்டர்.

"எங்க வீட்ல மிக்ஸி இருக்கு சார். கவர்மென்ட் குடுத்தது."

"அத யாரும்மா கேட்டா? கண்ணு கொஞ்சம் கலங்கட்டும், போதும்."

சூப்பர்வைசர் புருஷோத்தமன், "இன்னாம்மா உனக்கு? சொல்லிட்டுப் போயேன், லைன் நிக்குது" என்று கத்தினார். நான் சொல்லவில்லை. "அப்ப அம்மாவையே எடுத்துக்கலாம்" என்றார் டைரக்டர். ரிஜிஸ்டரைப் பார்த்து நம் முகவரியை எழுதிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை வருவார்கள். அம்மிக்கல்லையும் அவர்களே கொண்டுவருவார்களாம். நீ அதில் அரைக்க வேண்டும், புது மிக்ஸியை வாங்கிக்கொண்டு அழ வேண்டும். ஏழை அழாமல் இவர்களுக்கு ஒரு சட்னிகூட அரைபடாது.

நீ அழாதே. பழைய மிக்ஸியை ஒளிக்கச் சொன்னால் ஒளிக்காதே. அவர்கள் பேச வாயெடுக்கும்போதெல்லாம் அதை ஓட்டு. அது போடுகிற சத்தத்தில் ஒரு வார்த்தைகூடப் பதிவாகாது. என் வேலைக்கு ஒன்றும் ஆகாது; ஆனாலும் மறைமலை நகரில் வேறொரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள்.

அரைப்பது பருப்புப்பொடியாக இருக்கட்டும். எனக்குக் கொஞ்சம் அனுப்பு, ஹாஸ்டல் சோறு தொண்டையில் இறங்கவில்லை. கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உன் தென்றல்