ஆளுக்கொரு நாற்காலி

மார்ச் 4, செவ்வாய்

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். வக்கீலின் நாற்காலியை உடைத்தது பூனை இல்லை. நான்தான்.

பிள்ளைகள் எல்லாரும் பந்தாடப் போயிருந்தார்கள். கொட்டகையில் நாற்காலிகள் மட்டும். டீயும் கையுமாக உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வதுகூடப் பொய். பாதி தூரம் போகும்போதே ‘டக்’ என்றது. பின்னங்கால் ஒன்று தனியாக வந்துவிட்டது. டயருக்குள் தூங்கிக்கொண்டிருந்த நம் கடைப் பூனை கண்ணில் பட்டது. பழியை அதன் தலையில் கட்டிவிட்டேன்.

வக்கீலுக்குப் பதினைந்து வயது. கேள்வி கேட்டே ஆளைக் கவிழ்ப்பாள் என்று நான் வைத்த பெயர்.

“பூனை எத்தனை கிலோ இருக்கும் மாமா?”

“நல்லா சாப்பிடற பூனைம்மா.”

“டீ குடிக்குமா?”

“அது எதுக்குக் குடிக்கப் போகுது?”

“அப்ப கீழே டம்ளர் கிடக்கே?”

நான் வெளியே வண்டி ஏதோ வந்த மாதிரி எழுந்து போய்விட்டேன். பிறகு பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி, ஆணி அடித்து, ட்யூப் வாரால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். லாரியே ஏறினாலும் தாங்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 9, ஞாயிறு

தங்கச்சி இந்த நோட்டை வாங்கிக் கொடுத்து, “மன்றத்துல என்ன நடக்குதோ அதை எழுதுண்ணா, பின்னாடி உதவும்” என்றாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவனிடம் கேட்கிற வேலையா இது? ஆனால் எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. வாயும் அப்படித்தான் என்கிறாள் என் வீட்டுக்காரி.

மூன்று வருஷம் முன்னால் என் டயர் கடைக்குப் பக்கத்துக் கொட்டகையைக் காலி பண்ணச் சொன்னாள் தங்கச்சி. அவள் ஆஸ்பத்திரியில் கணக்கர். வேலை முடிந்து வந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதாகத் திட்டம். அதற்கு மன்றம் என்று பெயர் வைத்தாள். வந்தது ஏழு பேர். உட்கார எதுவும் இல்லை. “ஆளுக்கொரு நாற்காலி கொண்டு வாங்க” என்றாள். ராத்திரி வீட்டில் உட்கார வேண்டுமே, அதனால் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மறுநாள் திரும்பவும் தூக்கி வருவார்கள்.

இப்போது ஐம்பத்து மூன்று பேர். நாலு மணிக்குத் தெருவைப் பார்க்க வேண்டும்! தலையில் நாற்காலி, தோளில் ஸ்டூல், ஒருத்தன் கார் சீட்டு, ஒரு பெண் கவிழ்த்த வாளி. இரட்டையர் ஒரே பெஞ்சுக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி. பாடம் முடிந்தால் பந்து. சனிக்கிழமை பெரிய பிள்ளைகளுக்கு நான் சக்கர வேலை சொல்லித் தருகிறேன். ஐந்து பேர் வேலைக்கே போய்விட்டார்கள். அதில் ஒருத்தன் என் கடைக்கு எதிரிலேயே கடை போட்டிருக்கிறான், நல்லா இருக்கட்டும்.

அறக்கட்டளை ஒன்றிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இரண்டாவது மன்றம் திறக்க ஓர் அறை பார்த்துத் தருவார்களாம். அதற்கு முன் ஏப்ரல் 10 அன்று நேரில் வந்து பார்ப்பார்களாம். அந்தப் பக்கத்திலிருந்து இருபத்து நாலு பேர் இரும்புப் பாலம் தாண்டி வருகிறார்கள். பாலத்துக்குப் பயந்தே வராத பொடிசுகள் இன்னும் எத்தனையோ. வக்கீலும் அங்கேதான். அறை கிடைத்தால் பொடிசுகளுக்கு அவள்தான் சொல்லித் தரப் போகிறாள். நேற்றே பெயர் கூப்பிட ஹாஜர் நோட்டு தைத்துவிட்டாள்.

மார்ச் 15, சனி

அறக்கட்டளைக்காரர்கள் முன்கூட்டியே அறுபது நாற்காலி அனுப்பிவிட்டார்கள்! நீலம். எல்லாம் ஒரே அச்சு. புது பிளாஸ்டிக் வாசனை. நான்தான் லாரியிலிருந்து இறக்கினேன். வரிசையாகப் போட்டதும் கொட்டகை பள்ளிக்கூடம் மாதிரியே ஆகிவிட்டது.

ஒன்றின் மேல் ஏறி நின்று அறிவித்தேன்: “இனிமே யாரும் எதையும் சுமக்க வேண்டாம்! கையை வீசிக்கிட்டு ராஜா மாதிரி வாங்க!”

கைதட்டல் காதைப் பிளந்தது. தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், தூசி.

மார்ச் 18, செவ்வாய்

நாற்பத்தொன்று. காய்ச்சல் சீசன்.

மார்ச் 20, வியாழன்

முப்பத்து மூன்று. காய்ச்சலாக இருக்காது. பரீட்சையா?

“உன் ஜோக்கைக் கேட்டு ஓடியிருப்பாங்க” என்றாள் வீட்டுக்காரி. இருபது வருஷமாக நீ ஓடவில்லையே என்றேன். எனக்கு அன்றைக்குக் கதவு சாத்தியிருந்தது என்றாள்.

மார்ச் 24, திங்கள்

இருபத்தொன்பது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தர்கூட இல்லை. வக்கீல் வந்து நாலு நாள் ஆகிறது. அவள் தைத்த ஹாஜர் நோட்டு அலமாரியில் அப்படியே இருக்கிறது.

தங்கச்சி நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுத்தமாக இருக்கிற நாற்காலியை. பத்தாம் தேதி வருகிறவர்கள் என்ன பார்ப்பார்கள்? அந்தப் பக்கத்துக்கு மன்றம் கேட்டோம், அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்றுகூட இல்லை.

மார்ச் 26, புதன்

கடையைச் சாத்திவிட்டுக் கால்வாய் தாண்டிப் போனேன். வக்கீலின் அப்பா கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். வாசலில் உட்கார்ந்திருந்தார், நான் ட்யூப் வார் கட்டிய அதே நாற்காலியில். லேசாக ஆடியது. பார்க்காத மாதிரி இருந்தேன்.

“பொண்ணுக்கு உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா. நான்தான் அனுப்பல.”

“ஏங்க?”

அவர் கையை நீட்டிப் பாலத்தைக் காட்டினார். வாசலிலிருந்து பாலம் முழுக்கத் தெரிகிறது.

“முன்னல்லாம் நாற்காலி தலையில ஏறி அந்தப் பக்கம் போகும். இங்கேர்ந்தே பாப்பேன். சரி, மன்றத்துக்குத்தான் போறா. நாற்காலியத் தூக்கிக்கிட்டு வேற எங்கய்யா போக முடியும்? ஆறரைக்கு நாற்காலி திரும்பி வரும். நான் சாப்பிட உட்காருவேன். இப்ப எல்லாம் கையை வீசிக்கிட்டுப் போகுதுங்க. நாலாவது வீட்டுப் பொண்ணு மன்றத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு மூணு நாள் பஸ் ஸ்டாண்டுல நின்னிருக்கு. அதுக்கப்புறம் இந்தத் தெருவுல யாரு அனுப்புவா? நீங்களே சொல்லுங்க.”

கையை வீசிக்கொண்டு வாங்க என்று நாற்காலி மேல் ஏறிக் கத்தினது யாரு? நான்தானே. பெரிய மனுஷன் மாதிரி. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

உள்ளேயிருந்து வக்கீல் எட்டிப் பார்த்தாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

தங்கச்சியிடம் சொன்னேன். நீல நாற்காலியை ஆளுக்கொன்றாக வீட்டுக்கே கொடுத்துவிடுவோம், தினமும் தூக்கி வரட்டும்.

“குடுத்தவங்க வர்றப்ப காலிக் கொட்டகையைக் காட்டுவியாண்ணா? நாற்காலி எங்கன்னு கேட்டா?”

“வீட்டுல இருக்குன்னு சொல்லுவோம்.”

“வித்துட்டோம்னு நினைப்பாங்க! இரண்டாவது இடம் கெட்டது போதாதுன்னு, இருக்கிற பேரும் போகும்.”

சண்டை. அவள் அழுதுவிட்டாள். நான் அழவில்லை, ஆனால் ஒரு பஞ்சரை இரண்டு தரம் ஒட்டினேன்.

சாயங்காலம் அவளே வந்தாள். “இருபத்து நாலு பிள்ளைங்க இல்லாம அறுபது நாற்காலியை வெச்சு நான் என்ன பண்ண? கொண்டு போய்க் குடு.”

மார்ச் 30, ஞாயிறு

வீடு வீடாகப் போய்க் கொடுத்தோம். தினமும் பிள்ளையோடு வந்து பிள்ளையோடு போக வேண்டும் என்று ஒரே நிபந்தனை. வக்கீலின் அப்பா நீல நாற்காலியைத் தட்டிப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், சாய்ந்தும் பார்த்தார்.

“இது எனக்கு. அவ பழசைத் தூக்கிட்டு வரட்டும்.”

“அனுப்புவீங்களா?”

“பாலத்துல நாற்காலி தெரியணும். அவ்வளவுதான்.”

ஏப்ரல் 10, வியாழன்

நாலு மணிக்கு வரச் சொன்னால் அறக்கட்டளை அம்மா மூன்றரைக்கே வந்துவிட்டார். வெளிர் நிறத்தில் கசங்காத உடை. கையில் ஃபைல். கொட்டகையில் ஒரு பெருக்குமாறும் பூனையும்தான்.

“நாங்க அனுப்பின நாற்காலிங்க?”

“வந்துக்கிட்டிருக்கும்மா.”

“எங்கேயிருந்து?”

“வீட்டுலேர்ந்து.”

ஃபைலில் என்னவோ எழுதினார். தங்கச்சி என் முழங்கையைக் கிள்ளினாள். அவர் உட்கார ஒரு நாற்காலி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நல்லதாக ஒரு டயரைத் துடைத்துப் போட்டேன்.

நாலு மணி. பாலத்தின் நடுவில் ஒரு நீலப் புள்ளி. அப்புறம் நாலு. அப்புறம் எண்ண முடியவில்லை, பாலமே நீலமாகிவிட்டது. நடுவில் ஒன்று மட்டும் மரக் கலர்.

அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வக்கீலைக் கூப்பிட்டு, “தினமும் இவ்வளவு தூரம் சுமக்கிறது கஷ்டமா இல்லையாம்மா?” என்றார்.

“கஷ்டம்தான் மேடம். ஆனா வீட்டுல விடறாங்க.”

அதற்கு மேல் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஐம்பத்தாறு பேர் இன்றைக்கு.

அவர் எழுந்து போகும்போது உடையின் பின்பக்கம் கறுப்பாக ஒரு முழு வட்டம். “சொல்லியிருக்கலாமே” என்றாள் வீட்டுக்காரி. எப்படிச் சொல்வது? பார்த்ததே தப்பு.

ஏப்ரல் 23, புதன்

அறை கிடைத்துவிட்டது! பாலத்துக்கு அந்தப் பக்கம், கிடங்குக்குப் பின்னால், இரண்டு ஜன்னல். கடிதத்தின் கடைசி வரி: நாற்காலிகள் அனுப்பப்பட மாட்டா.

ஜூன் 2, திங்கள்

இன்று திறப்பு. வக்கீல் பூட்டைத் திறந்தாள். முப்பத்து நாலு பேர், பாதிக்கு மேல் பாலம் தாண்டவே பயந்த பொடிசுகள். எல்லாரும் வீட்டிலிருந்து ஏதோ ஒன்றைத் தூக்கி வந்திருந்தார்கள். ஒரு சின்னப் பெண் அவள் தம்பியையும் நாற்காலியோடு சேர்த்தே இழுத்து வந்தாள். வக்கீலின் அப்பா நீல நாற்காலியோடு முதல் வரிசையில். அறக்கட்டளை அம்மா மடக்கு நாற்காலி ஒன்றைத் தானே கொண்டு வந்திருந்தார். தங்கச்சி நாலு வார்த்தை பேசினாள், அதில் இரண்டு அழுகை.

வக்கீல் தைத்த நோட்டில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். நான் மட்டும் வெறுங்கையோடு போயிருந்தேன். அவள் நின்றுகொண்டுதானே இருக்கிறாள் என்று அவளுடைய மர நாற்காலியில் உட்கார்ந்தேன்.

டக் என்றது. ட்யூப் வார் தாங்கியது. ஆணியும் தாங்கியது. இந்தத் தடவை போனது மற்ற மூன்று காலும்.

பெயர் கூப்பிடுவது நின்றது. நான் தரையில் உட்கார்ந்தபடியே நாலா பக்கமும் பார்த்தேன். கால்வாய்க்கு அந்தப் பக்கம் பூனை இல்லை.