தொடையில் விழுந்த குழிகள்

6 சனவரி 2024, சனி
சுன்னாகத்தில் புடவைக்கடை. உடுப்பு மாத்திப் பார்க்கிற அறையில் மூன்று பக்கமும் கண்ணாடி. தொடையின் பின்பக்கம் முழுக்கக் குழி குழியாக — குழைத்த மாவில் விரல் அமத்தினதுபோல. நாற்பத்தேழு வயதில் இப்போதுதான் பார்க்கிறேன். சட்டை வாங்காமல் வந்துவிட்டேன்.

8 சனவரி, திங்கள்
வேலை முடிந்து வர, சிவகரன் கந்தோர் வாசலில் நின்றார். "கமலா, யோசிச்சனீரே?" கலியாணம் செய்வமோ என்று போன மாதம் கேட்டவர். அவருக்கும் மனைவி இல்லை. என் கணவர் குகதாசன் செத்து ஆறு வருடம். கொழும்பிலிருந்து என் மகள் சாருஜாகூட, "ஓமெண்டு சொல்லுங்கோ அம்மா" என்கிறாள்.
"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். எதுக்குப் பொறுக்க? அந்தக் கண்ணாடியைப் பற்றி அவரிட்டை எப்பிடிக் கதைக்கிறது?

13 சனவரி, சனி
மசாஜ் செய்யும் ஜெனிற்றாவிடம் போனேன். குருநகர்ப் பிள்ளை, சுன்னாகத்தில் ஒரு மாடியறை. ஊசியில்லை, வெட்டில்லை. எண்ணெய் பூசி, கையாலும் மர உருளையாலும் அழுத்தி உருட்டுகிறாள். "அன்ரி, குழி நிரம்பினமாதிரி, பாக்கக் கொஞ்சம் மட்டமாத் தெரியும். முழுசா மாறாது, திரும்ப வரும். பேந்து என்னை ஏசக்கூடாது."
பரவாயில்லை, செய் என்றேன்.

15 சனவரி
பொங்கல். கதிரையில் இருக்கேலாமல் தொடை நோகுது.

27 சனவரி, சனி
உண்மையிலேயே மட்டமாகத் தெரிகிறது!

31 சனவரி, புதன்
திரும்ப வந்துவிட்டது.

3 பெப்ரவரி, சனி
மேசையில் குப்புறக் கிடந்தபடி அழுதுவிட்டேன். ஜெனிற்றா பயந்துபோனாள். "நொந்திட்டுதோ அன்ரி?"
இல்லைப் பிள்ளை, நோகேல்லை. ஆறு வருசமா என்ரை மேலிலை ஒருத்தரின்ரை கையும் படேல்லை — அதை எப்பிடிச் சொல்ல? அவள் உருளையை வைத்துவிட்டு, என் முதுகில் கையை வைத்தபடி நின்றாள்.

4 பெப்ரவரி, ஞாயிறு
சிவகரனை வீட்டுக்கு வரச் சொன்னேன். தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தேன். பிறகு சொன்னேன்: "எனக்கு இளம் உடம்பில்லை. காலெல்லாம் குழி. வெக்கமாக் கிடக்கு."
அவர் நிலத்தைப் பார்த்தார். "எனக்கு மேல்வரிசை முழுக்கப் பொய்ப்பல்லு. கழட்டினா என்னை அடையாளம் தெரியாது. அதை உமக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு நானும்தான் யோசிச்சனான்."
சிரித்துவிட்டேன். அவரும்.
ஓமெண்டு சொல்லிவிட்டேன்.

12 மே, ஞாயிறு
கலியாணத்துக்குப் பிறகு முதல்தரம் நேற்று ஜெனிற்றாவிடம் போனேன். தொடையை விடு பிள்ளை, தோளைப் பிடிச்சு விடு என்றேன்.
இன்று சரியான வெக்கை. மத்தியானம் கரண்டும் நின்றுவிட்டது. நைற்றியைத் தொடைவரை மடித்துவிட்டுப் படுத்திருந்தேன். இவர் பக்கத்தில் இருந்து பேப்பரின் ஒரு தாளால் விசிறினார், மற்றத் தாளில் தன்ரை பாட்டுக்குச் செய்தி வாசித்தபடி. இழுத்து மூடவேணுமெண்டு நினைவே வரேல்லை. இப்ப எழுதேக்கைதான் யோசிக்கிறன்.