யார் கைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது

எதற்கும் முந்திக்கொண்டு போய் நிற்கும் என் தாஸ் அண்ணனுக்கு,

போர்ட் கிள்ளான் ஃபிளாட்டில் நீ தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இன்னும் நடக்கிறது. ஷிப்ட் வேலையால் சர்ச்சுக்குப் போக முடியாத துறைமுக ஆட்கள் வருகிறார்கள். ஒரு சங்கீதம் வாசிக்கிறோம், ஜெபிக்கிறோம், கோழிக்கறி சாப்பிடுகிறோம். சாப்பிடும் முன் யாரும் தன் கையைத் தானே கழுவக்கூடாது, ஒருவருக்கொருவர் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற உன் சட்டத்தையும் நாங்கள் மாற்றவில்லை.

நீ போன பிறகு சர்ச் கமிட்டி அங்கிள் வந்தார். "போதும்லா மேரி. சர்ச் ஹால்ல வச்சுக்கலாம். அங்க கேட் இருக்கு, காவலுக்கு கார்டு இருக்கான்" என்றார். கேட்டைப் பார்த்தால் நம் ஆட்கள் உள்ளே வருவார்களா? முடியாது என்றுவிட்டேன்.

ஒரு அடிதடிக் கும்பலை விட்டு விலகி நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் ரவி. அவனை வெட்டத்தான் அவர்கள் பாராங் கத்தியோடு வந்தார்கள். கீழே கார் நிறுத்தும் இடத்தில் நீ குறுக்கே போய் நின்றாய். முதல் வெட்டு உன் தோளில், அடுத்தது கழுத்தில். நீ விழுந்த பிறகும் ஒருவன் இரும்புக் கம்பியால் உன் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தான். நான் படிக்கட்டிலிருந்து கத்தினேன். ஏன் அண்ணே நீ விலகவில்லை?

கம்பியால் அடித்த அந்தக் குமார் சிறையிலிருந்து வந்துவிட்டான். போன ஞாயிறு நம் வாசலில் நின்றான்.

"அக்கா, உள்ள வரலாமா?"

நான் வாய் திறப்பதற்குள் ரவி பாய்ந்தான். குமாரின் தலையைப் பிடித்துக் கிரில் கதவில் மோதினான், மறுபடியும் மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. குமார் திருப்பி அடிக்கவே இல்லை.

"அடி ரவி, நல்லா அடி" என்றான்.

என் கையில் அப்போதுதான் கொதித்த கெட்டில். பொய் எதற்கு, அதை அவன் முகத்தில் ஊற்றத்தான் போனேன். உன்னைப் போல நல்லவள் இல்லை நான். அதற்குள் ரவி அடுப்படிக்கு ஓடிக் கோழி வெட்டும் கத்தியோடு வந்தான்.

"தள்ளுக்கா, நான் முடிச்சிடுறேன்!"

இவன் கொலைகாரன் ஆகவா நீ வெட்டுப்பட்டுச் செத்தாய்? கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் குறுக்கே போய் நின்றேன். யோசித்தெல்லாம் நிற்கவில்லை, கால் தானாகப் போய்விட்டது. உனக்கும் அப்படித்தானா அண்ணே?

"குடுடா கத்திய" என்றேன். ரவி அழுதுகொண்டே கொடுத்தான்.

மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்த குமாரின் கை முழுக்க ரத்தம். அவனுக்குத் தண்ணீர் ஊற்ற யாரும் எழவில்லை. நானே குவளையை எடுத்தேன். உன்னை அடித்த அதே கைகள். மன்னித்தெல்லாம் ஊற்றவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினேன்.

உன் சட்டப்படி அடுத்து அவன் எனக்கு ஊற்ற வேண்டும். குவளையை வாங்கி நிரப்பிக்கொண்டு, "கையக் காட்டுங்கக்கா" என்றான். என்னால் முடியவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் குவளையோடு அங்கேயே நின்றானாம். ரவிதான் சொன்னான்.

இந்த ஞாயிறும் குமார் வருவான். கோபம் எனக்குத் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் என் இரண்டு கைகளையும் அவன் முன்னால் நீட்டுவேன் அண்ணே.

உன் கூடப்பிறந்த கோபக்காரி,
தங்கச்சி மேரி